ஆளுக்கு இருபது வெள்ளி சொர்க்கம்

போன வருஷம் ஜூலையில் நாங்கள் நாலு பேர் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய், மூன்று இரவு தங்கி, நொந்துபோய்த் திரும்பி வந்தோம். இதைச் சொன்னால் இப்போது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நம் வயதில், கொஞ்சம் வாசித்து கொஞ்சம் எழுதுகிற எல்லாரிடமும் இப்படி ஒரு தீவுக் கதை இருக்கிறது. பெர்ஹெந்தியான் இல்லையென்றால் தியோமான். அதுவும் இல்லையென்றால் தாய்லாந்துப் பக்கம் கோ லிப்பே. கதை மட்டும் ஒன்றுதான். படத்தில் பார்த்த கடல் வேறு, போய்ச் சேர்ந்த அறை வேறு. மூட்டைப்பூச்சி, குழாயில் உப்புத்தண்ணி, நடுராத்திரியில் நின்றுபோகும் மின்விசிறி, பக்கத்து அறையில் விடிய விடியப் பாட்டு. திரும்பி வந்த இரண்டு மாதத்தில் அது ஒரு கட்டுரையாகிவிடும்.

அந்தக் கட்டுரைகளோடுதான் எனக்குச் சண்டை. நானும் அப்படி ஒன்று எழுதியவன் என்பதால் சண்டை போட எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் தலைமுறை தமிழில் எழுதும் தீவுக் கட்டுரை இரண்டு வகைதான். முதல் வகையில் எழுதுபவர் கடற்கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறார். அலைகள் அவரிடம் ஏதோ சொல்கின்றன. கைப்பேசியில் சிக்னல் இல்லாததால் தன்னைத் தானே கண்டுகொள்கிறார். நாலு நாள் கழித்து சிக்னல் கிடைத்ததும் அதை நமக்கு அனுப்பி வைக்கிறார். இரண்டாம் வகை, ஏமாந்த கதை. கழிவறை, கரப்பான், குடிகார வெள்ளைக்காரன் என்று வரிசையாக வரும். சிரிக்க வைக்கும். "அடுத்த தடவை ஒழுங்கா ஹோட்டல் போட்டுடணும்" என்ற மாதிரி ஒரு வரியில் முடியும்.

இந்த இரண்டில் இரண்டாவதுதான் நேர்மையானது. ஏமாந்தவன் குறைந்தபட்சம் அங்கே ஒரு கழிவறை இருந்ததையாவது கவனித்திருக்கிறான். ஆனால் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே வந்து நின்றுவிடுகிறான். தீவிலிருந்து நாம் காசு கொடுத்து வாங்கி வந்த ஒரே உருப்படியான பொருள் அந்த ஏமாற்றம்தான். அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக்கி வீணடித்துவிடுகிறோம். நான் எப்படி வீணடித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

*

கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் கூடினோம். ராத்திரிப் பேருந்துக்கு நேரம் இருந்தது. ஒரு சாப்பாட்டுக்கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். நாலு பேர் முதுகிலும் ஆளுயரப் பை. பரிமாறியவர் ராமநாதபுரத்துப் பக்கம். நாற்பது வயது இருக்கலாம்.

"எங்க தம்பி கெளம்பிட்டீங்க? பையெல்லாம் பெருசா இருக்கு."

"தீவுக்குண்ணே."

"வேலைக்கா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். இல்லண்ணே, சும்மா சுத்திப் பாக்கத்தான் என்றோம். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார். பேருந்தில் அந்தக் கேள்வியை இரண்டு தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தீவுக்கு வேலைக்கா!

விடிகாலையில் குவாலா பெசுட் ஜெட்டி. அங்கிருந்து போட். அலை தூக்கித் தூக்கிப் போட, அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு கழன்றது. பெர்ஹெந்தியான் கெச்சிலில் கடற்கரையை ஒட்டிய அறைகள் எங்கள் பட்ஜெட்டுக்கு மேல். உள்ளே மரங்களுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், பலகையால் அடித்த ஒரு அறை கிடைத்தது. நடத்துபவர் கிளந்தான்காரப் பெண்மணி. மலாயில் அக்கா என்று கூப்பிட்டோம். நாலு பேருக்கு ஓர் இரவு நூறு வெள்ளி என்றார். அரைமணி நேரம் பேரம் பேசி எண்பதுக்குக் கொண்டு வந்தோம். ஆளுக்கு இருபது. அந்த வெற்றியை ஒரு படம் எடுத்துப் போட்டோம்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் அணைந்துவிட்டது. கொசுவலையில் கைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. கழிவறையைப் பற்றி எழுதினால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். காலையில் அக்காவிடம் சண்டைக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. டீசல் தீர்ந்துவிட்டது, அடுத்த போட்டில் வரும் என்றார்.

பிறகு சாவகாசமாக உட்கார்ந்து கணக்குச் சொன்னார். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் ஆள் வருவார்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கடல் மூடிவிடும். பிப்ரவரி வரைக்கும் கடை மூடல். எட்டு மாதத்தில் பன்னிரண்டு மாதச் சோற்றைச் சம்பாதிக்க வேண்டும். அரிசி, முட்டை, காஸ், டீசல், குடிதண்ணீர்ப் போத்தல் எல்லாம் குவாலா பெசுட்டிலிருந்து போட்டில் வர வேண்டும். நாங்கள் குடித்துப் போட்ட போத்தல் திரும்பப் போட்டில் போக வேண்டும். இரண்டுக்கும் கூலி.

நான் தலையாட்டினேன். அன்றைக்கே அதை மறந்தும் போனேன். நாங்கள் பேரம் பேசிக் குறைத்த இருபது வெள்ளிக்கும் மூன்று மணிக்கு நின்ற மின்விசிறிக்கும் சம்பந்தம் இருக்கும் என்பது என் மண்டையில் அப்போது ஏறவில்லை. மலிவு என்றால் வேறு யாரோ மிச்சத்தைக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அன்று ராத்திரி யாரோ ஒருவரின் கணக்கில் ஒரு சிறு பகுதி எங்கள் தலையிலேயே வந்து விழுந்தது. அதற்குத்தான் அவ்வளவு கூச்சல் போட்டோம்.

*

சாயங்காலங்களில் மற்றப் பைக்காரர்களோடு உட்கார்ந்திருப்போம். இரண்டு ஆங்கிலப் பெண்கள், ஒரு ஜெர்மன்காரன், பினாங்கிலிருந்து ஒரு சீனப் பையன், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று மதுக்கடையில் வேலை செய்யும் ஓர் அர்ஜென்டினாக்காரன். எல்லாரும் ஒரே பல்லவி. தீவு கெட்டுவிட்டது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரன் இன்னொரு தீவின் பெயரைச் சொன்னான். அங்கே இன்னும் கூட்டம் வரவில்லையாம். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான். அதை அவன் எட்டுப் பேர் நடுவில் சொன்னான்.

இந்தப் பல்லவிக்கு வயது ஐம்பதுக்கு மேல். டோனி வீலரும் மோரீன் வீலரும் 1973இல் ஆசியாவை மலிவாகக் கடப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். லோன்லி பிளானட் அங்கே பிறந்தது. 1975இல் தென்கிழக்காசியாவுக்கென்று மஞ்சள் அட்டை போட்ட வழிகாட்டி. கூட்டம் போகாத இடத்துக்குப் போக வழி சொல்லும் புத்தகத்தை ஒரு கூட்டமே வாங்கியது. அலெக்ஸ் கார்லண்ட் 1996இல் தன் நாவலில் கிண்டல் செய்ததும் இதைத்தான். கெடாத கடற்கரையைத் தேடிப் போனவர்கள் அதைக் கெடுக்கும் கதை அது. அதைப் படமாக எடுத்தார்கள். படம் எடுத்த தாய்லாந்தின் மாயா பே விரிகுடாவுக்கு ஜனம் படையெடுத்து, பவளம் நாசமாகி, 2018இல் அதை இழுத்து மூட வேண்டியதாயிற்று. 2022 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். இங்கேயும் 2010இல் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடினார்கள்.

பைக்காரனின் நம்பிக்கை என்னவென்றால், தான் சுற்றுலாப் பயணி இல்லை என்பது. ஹோட்டலில் தங்குபவன் சுற்றுலாப் பயணி. பலகை அறையில் தங்குபவன் 'டிராவலர்'. அவனுக்கு வறுமை ஓர் அனுபவம். அதை எத்தனை நாள் அனுபவிப்பது என்று அவனே முடிவு செய்துகொள்வான். அந்த ஆங்கிலப் பெண்கள் கடப்பிதழைக் காட்டிவிட்டுத் தொண்ணூறு நாள் இந்த நாட்டில் இருக்கலாம். எங்கள் அறையைக் கூட்டிய வங்காளதேசப் பையனின் அனுமதிச் சீட்டு ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளியை மாற்ற நினைத்தால் அவன் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவான். இரண்டு பேரும் வெளிநாட்டுக்காரர்கள். இரண்டு பேரும் பையோடு வந்தவர்கள். இரண்டு பேரும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் படுத்தார்கள்.

அந்தப் பையன் பெயர் எனக்குத் தெரியாது. எங்களில் யாரும் கேட்கவில்லை. அர்ஜென்டினாக்காரனின் பெயர் தெரியும். அவன் ஊரில் விட்டுவிட்டு வந்த நாயின் பெயர்கூடத் தெரியும்.

நம்மைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன், வெள்ளைக்காரனைப் பற்றி அல்ல. அவன் கண் அவனுக்கு. அதை இரவல் வாங்கி நாம் ஏன் மாட்டிக்கொண்டோம் என்பதுதான் என் கேள்வி. மூன்று தலைமுறையாகக் கிள்ளானில் இருக்கும் ஒருத்தன், கோலாலம்பூரிலிருந்து ஒரு ராத்திரிப் பேருந்தில் போகும் இடத்தை, ஏதோ கண்டுபிடிக்கப் போகிற மாதிரிப் போய், ஏதோ பறிபோன மாதிரி வந்து எழுதுகிறான். நானும் அப்படித்தான் எழுதினேன். எண்ணூறு சொல். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

*

சிரிக்காத ஒரே ஆள் என் பாட்டி. கிள்ளான் புக்கிட் ராஜா தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, தோட்டம் கைமாறியபோது டவுனுக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு என் கட்டுரையைப் படித்துக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். தீவில் தங்கினோம் பாட்டி, பலகை வீடு, லைட் இல்ல, தண்ணி இல்ல.

எல்லாம் கேட்டுவிட்டு, "ராத்திரி கதவ வெளிய பூட்டினாங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஏன் பூட்டணும் என்றேன்.

"சோறு அவங்களே போட்டாங்களா, நீங்க பொங்கிக்கிட்டீங்களா?"

பிறகுதான் விஷயம் வந்தது. பாட்டிக்குத் தெரிந்த தீவுக் கதை ஒன்றே ஒன்று. அவர் அப்பாவின் கதை. 1937வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ரஜூலா கப்பல் என்று பாட்டி சொல்வார். அவருக்கு எல்லாக் கப்பலுமே ரஜூலாதான். மேல்தட்டில் ஜனத்தோடு ஜனமாகப் படுத்து வந்து, பினாங்கில் இறங்கியதும் ஊருக்குள் விடாமல் ஒரு தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். 'கொரண்டி' என்பார் பாட்டி. குவாரண்டைன். ஜெரஜாக் தீவு. துணியை எல்லாம் வாங்கி மருந்துப் புகை போட்டார்கள். அம்மை, காலரா எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு ரயிலேற்றித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

"கஷ்டப்பட்டாராம்மா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்வார், அதை எங்கேயாவது எழுதலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை.

"கஷ்டமா? அப்பன் சாவுற வரைக்கும் சொல்லும். அந்த ஒரு வாரந்தான் நான் வேல செய்யாம சோறு தின்னேன்னு."

நான் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஜெரஜாக் பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் கிடக்கும் சின்னத் தீவு. இப்போதைய பினாங்குப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1870களில் தொற்றுத் தடுப்பு நிலையமும் வந்தது. தெற்கே சிங்கப்பூருக்கு வந்தவர்களுக்கு செயிண்ட் ஜான்ஸ் தீவு என்றால், வடக்கே ஜெரஜாக். பின்னால் காசநோய்க்காரர்கள். 1969இலிருந்து 1993 வரை சிறைச்சாலை. 2004இல் அதே தீவில் ரிசார்ட் திறந்தார்கள், ஸ்பாவோடு. 2016இல் அதையும் மூடினார்கள். ஆக பன்னிரண்டு வருஷம், என் பூட்டன் ஓசியில் தங்கிய தீவில் நான் காசு கட்டித் தங்கியிருக்க முடியும். தலையணை சரியில்லை என்று புகாரும் எழுதியிருக்க முடியும்.

சஞ்சிக்கூலிகள் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எல்லாம் சோகம். கப்பல் சோகம், கங்காணி சோகம், தோட்டம் சோகம். அந்தச் சோகம் உண்மைதான். ஆனால் ஒரு மனுஷன் வாழ்நாள் பூராவும் ஒரு தடுப்பு முகாமைத் தன் விடுமுறையாக நினைத்துக்கொண்டிருந்தான் என்பதை அந்தச் சோகத்துக்குள் எங்கே வைப்பது? அந்த ஒரு வாரம் அவனுக்கு அவ்வளவு இனித்தது என்றால், அதற்குப் பிறகு வந்த நாற்பது வருஷம் எப்படி இருந்திருக்க வேண்டும்? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடைக்காரர் கேட்ட "வேலைக்கா?" அப்போதுதான் எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. பையைத் தூக்கிக்கொண்டு தீவுக்குப் போகிறவன் வேலைக்குத்தான் போவான். அவர் ஊரில் அப்படித்தான். என் பூட்டன் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. நடுவில் தொண்ணூறு வருஷத்தில் என் குடும்பம் கேள்வி கேட்பவரின் பக்கத்திலிருந்து சிரிப்பவரின் பக்கத்துக்கு மாறிவிட்டது. மாறியது நல்லதுதான், அதற்குத்தானே எல்லாரும் பாடுபட்டார்கள். மாறியதே தெரியாமல் சிரித்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

*

இங்கே என் நண்பர்கள் சொல்வதைக் கேட்டுவிடலாம். "மச்சான், லீவுக்குப் போனா லீவு மாதிரி இருக்க விடேன். எல்லாத்துக்கும் தாத்தா பாட்டிய இழுக்கணுமா? காசு குடுத்தோம், கக்கூஸ் நாறிச்சு, சொன்னோம். இதுல என்ன தப்பு?"

தப்பே இல்லை. காசு கொடுத்தவன் புகார் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எண்பது வெள்ளிக்கும் கழிவறை சுத்தமாக இருக்கலாம். கிளந்தான் அக்கா ஏழை என்பதால் கொசுவலை ஓட்டை நியாயமாகிவிடாது. ஆனால் புகாருக்கு நாலு வரி போதும். அதற்கு மேல் எழுதி, அதை இலக்கிய இதழுக்கு அனுப்பி, கட்டுரை என்று பெயர் வைத்தால் வாசகன் கூடுதலாக ஏதாவது எதிர்பார்ப்பான். அந்தக் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்றாவது எழுதியவன் பார்த்திருக்க வேண்டும்.

ஜமைக்கா கின்கெய்ட் அதைத்தான் செய்தார். ஆன்டிகுவா தீவைப் பற்றி 1988இல் வந்த அவருடைய சிறிய நூலில், விமானத்திலிருந்து இறங்கும் சுற்றுலாப் பயணியை நேராகப் பார்த்து 'நீ' என்று பேசுகிறார். நீ விடுதியில் கழித்த கழிவு நீ நீந்தும் அதே கடலில் உன் காலில் உரசக்கூடும் என்று காட்டிக் கொடுக்கிறார். ஏனென்றால் தீவில் சரியான சாக்கடை ஏற்பாடு இல்லை. ஏன் இல்லை என்று அங்கிருந்து தொடங்கி அடிமை வியாபாரம், காலனி ஆட்சி, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஊழல் வரைக்கும் போகிறார். நம் கட்டுரை மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவரும் இடத்தில் அவர் நின்று குனிந்து பார்க்கிறார்.

தமிழிலும் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியாரை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? காந்தியின் படச்சுருள்களைத் தேடி உலகத்தைச் சுற்றி, 1940இல் ஆவணப்படமாக்கியவர். அவர் பயணக் கட்டுரைகளில் எழுதுபவரின் மனசு எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். சூரியன் மறைவதற்கு அரை வரி கிடைத்தால் அதிகம். யார் என்ன வேலை செய்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எவ்வளவு விலை, யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அந்த வறண்ட நடைக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. பார்க்கப் போன இடம் தன்னைவிடப் பெரியது என்று தெரிந்தவரின் மரியாதை. நாம் அந்த நடையைப் 'பழசு' என்று தள்ளிவிட்டு, நம்மையே பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது மூன்றாவது வகைக் கட்டுரை எழுதக் கிளம்பிவிடக் கூடாது. அதாவது குற்ற உணர்ச்சிக் கட்டுரை. வங்காளதேசப் பையனின் கண்ணில் என் பூட்டனைப் பார்த்தேன், என் கண்கள் கலங்கின, வகையறா. அதில் அந்தப் பையனுக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை. மறுபடியும் எழுதுபவர்தான் கதாநாயகன், இந்தத் தடவை ஈரக் கண்ணோடு. அவன் பெயரைக் கேளுங்கள், அது போதும். எத்தனை மணிக்கு எழுகிறான், சம்பளம் யார் கையில் வாங்குகிறான், மழைக்காலத்தில் தீவு மூடினால் எங்கே போகிறான் என்று கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கேட்டதை, அவன் வேலைக்கு வம்பு வராதபடி எழுதுங்கள். அழுவதைவிட இது கஷ்டமான வேலை.

*

தீவு என்றால் வெள்ளை மணல், நீலத் தண்ணீர் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கிள்ளான்காரனுக்குத் தீவு பக்கத்திலேயே இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜெட்டி, பூலாவ் கெத்தாமுக்குப் போட். சேற்றில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், பலகைப் பாதை, கருவாட்டு வாடை. ஒரு பிடி வெள்ளை மணல் கிடையாது. அங்கே ஏமாந்து போக வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்தத் தீவு யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு மீன்பிடி ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்தால் மீன் சமைத்துக் கொடுக்கும்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் போனால் பாலம் தாண்டி கேரித் தீவு. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயர். தீவு முழுக்கச் செம்பனை. முதலில் ரப்பர் வைத்ததும் நம் ஆட்கள்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள், கோயில்கள் எல்லாம் உண்டு. அதே தீவில் நமக்கு ரொம்ப முன்னாலிருந்தே மா மெரி பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். முகமூடி செதுக்குவதில் பேர் போனவர்கள். அங்கே துறைமுகம் கட்டப் போவதாக அரசாங்கம் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு தீவில் இவ்வளவு இருக்கிறது. பாட்டி வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போனதில்லை, அதாவது பெர்ஹெந்தியான் போய் வந்து இந்தச் சண்டை மண்டைக்குள் ஆரம்பிக்கும் வரைக்கும் போனதில்லை.

பெர்ஹெந்தியானுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பெயருக்கே 'நின்று போகும் இடம்' என்றுதான் அர்த்தம். வியாபாரக் கப்பல்கள் நின்று இளைப்பாறிப் போன இடம் என்கிறார்கள். நின்று போங்கள். நீந்துங்கள். ஆமை பாருங்கள். அறை மோசமாக இருந்தால் திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு கொஞ்சம் உட்காருங்கள், அந்த ஏமாற்றம் உங்களுக்கு எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். டீசலின் விலையையா, பருவமழையையா, ஒரு அனுமதிச் சீட்டையா, நீங்கள் பேரம் பேசிக் குறைத்த இருபது வெள்ளியையா? அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

என் விஷயம் இன்னும் தீரவில்லை. திரும்பி வந்த வாரம் அந்த அறைக்கு இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு, கழிவறையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பாட்டியிடம் பேசிய பிறகு அதை அழித்துவிடலாம் என்று போனேன். படித்துப் பார்த்தால் எழுதியது பொய்யில்லை. கழிவறை நிஜமாகவே நாறியது. அழிக்கவில்லை, ஒரு வரி மட்டும் கீழே சேர்த்தேன்: "வாடகை நூறு வெள்ளி. பேரம் பேசாதீர்கள்."